வேறொருவர் ஊதிய மூச்சு

உங்கள் ஆய்வுக்கு யோசனை சொல்லும் ஊர்க்குழுவில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். சின்னச் செய்தி. முடிவில் ஒரு கும்பிடு. அது அம்மாவுக்கு அனுப்பிய கும்பிடு அல்ல. கல்லூரியில் தமிழ் நடத்துகிற, தெருவில் சொன்னால் நாலு பேர் கேட்கிற ஒரு பெண்மணிக்கு ஓர் ஆய்வுக்குழு அனுப்பிய கும்பிடு. பதில் போடாமல் இருந்தேன். இதுதான் பதில். நீளும். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் உன் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. உன் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் சேகர் சித்தப்பாவிடமும் கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க மதினி. எம் பேரு எதுலயும் வந்தது இல்ல" என்றார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் திட்டத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உன் மேல் இல்லை என்று அடுத்த வரியை எழுதி அடித்துவிட்டேன். உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது. பெற்றவள் பிள்ளையைச் சந்தேகப்படலாமா? படலாம். காய்ச்சல் என்று சொல்லி நீ பள்ளிக்கூடம் போகாத நாட்களில் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது பாசத்தால் மட்டும் அல்ல.

பொங்கலுக்கு வந்தபோது இலைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கினாய். "இம்புட்டு நாளும் நெஞ்சுக்கு ஒருத்தர் வந்தாங்க, தண்ணிக்கு ஒருத்தர் வந்தாங்க, சாப்பாட்டுக்கு ஒருத்தர். யாரும் யாரோடயும் பேசிக்கிடல. நாங்க எல்லாத்தையும் சேத்துப் பாக்கோம்மா. தூசி, அடுப்புப் புகை, தண்ணி, மாடு, தூக்கம், கூலி. மனுசன் ஒருத்தன்தான?" உன் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. கண் அப்பாவிடம் இருந்தது. அவர் கேட்டார்: "எல்லாத்தையும் சேத்துப் பாத்தா கடைசில யாரு மேல தப்புனு வரும்?" தப்பு இல்லை, காரணம் என்றாய். "காரணம்னு டவுன்ல சொல்லுவிய. இங்க வந்து சேரும்போது அது தப்பாயிரும்." சொல்லிவிட்டு இருமினார். சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். நீ பார்த்ததை அவர் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். நீ மோர் கேட்டாய்.

சேர்த்துப் பார்ப்பது என்ற சொல்லை அன்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். நீங்கள் அதற்கு ஒருங்கிணைந்த அணுகுமுறை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நம்மைப் போன்ற நாடுகளில் நோய் தனியாக வருவதில்லை, அதனால் ஆய்வும் தனியாக வரக் கூடாது என்கிறீர்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நியாயமாக இருப்பதுதான் என்னை நிறுத்துகிறது. இதுவரை வந்தவர்கள் ஒவ்வொருவரும் நம்மில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் இரத்தம். ஒருவர் குழாய்த் தண்ணீர். ஒருவர் மாட்டின் பால். யாரும் திரும்பி வந்து இன்னது கண்டோம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. யாருக்கும் நம்மை முழுதாகத் தெரியாது. நம்மை முழுதாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு இதற்கு முன் தெருவுக்கு வந்தவர்கள் போலீஸ்காரர்களும் சம்பந்தம் பேச வந்தவர்களும்தான். இரண்டு கூட்டமும் விசாரித்தது நம் நன்மைக்காக அல்ல.

உன் குழுவில் நம் தெருவைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக: ராஜபாளையத்துக்குக் கிழக்கே, பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால். வீட்டின் முன்பாதியில் குடித்தனம். பின்பாதியில் விசைத்தறி. நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். பேண்டேஜ் துணி நெய்கிறோம். வியாபாரி நூல் தருவார். நெய்து கொடுத்தால் கூலி. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்தின் மேலோ சுத்தமாக உட்காரப்போகும் துணி, தன் பஞ்சையெல்லாம் எங்களிடம் உதிர்த்துவிட்டுப் போகிறது. இட்லித் துணியில் பஞ்சு. சாமி படத்தில் பஞ்சு. உன் பழைய பாடப்புத்தகங்களை விரித்தால் இப்போதும் பஞ்சு. இதைக் கவிதையாகச் சொல்லவில்லை. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்ச் சொல்கிறேன்.

நீ மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு குழு வந்தது. மூச்சை மட்டும் அளக்க. சமுதாயக் கூடத்தில் மேசை போட்டு, குழாய் பொருத்திய சின்னக் கருவி ஒன்றை வைத்தார்கள். தெருவில் அதற்கு ஊது மிஷின் என்று பெயர். நான் அன்று கல்லூரியில் இருந்தேன். திரும்பி வந்தபோது உன் அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். கொஞ்ச காலம் கழித்து, சுகாதார நிலையத்துக்குப் போன யாரோ கேட்டு வந்து சொன்னார்கள்: தூசி இருக்கிறது, ஆனால் நம் ஆட்களின் நுரையீரலில் பெரிய குறை இல்லையாம். "நம்ம தெருவே பாஸு" என்றார் உன் அப்பா. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் எப்போது கூப்பிட்டாலும் அதே பதில்தான். "படிச்சவிய மிஷின் வச்சுப் பாத்துட்டுப் போயிருக்காவ. நீ என்ன, அவியளவிடப் பெரிய டாக்டரா?" இருமினால் பனி. பனி இல்லையென்றால் மோர். மோர் இல்லையென்றால் நான் தாளித்த மிளகாய்.

போன மாதம் உன் குழுவில் வேலை பார்க்கும் நந்தினி வந்தாள். நல்ல பெண். செருப்பை வாசலில் கழற்றினாள். கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக என் சமையலறைக்குப் போய் அலமாரியில் புகையை அளக்கும் பெட்டி ஒன்றை வைத்தாள். கேஸா விறகா, வெந்நீர் எதில் போடுகிறேன், ஜன்னல் திறக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். தறிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. "ஏம்மா, அங்க ஒண்ணும் வைக்கலையா?" என்றேன். "வைப்போம் ஆன்ட்டி, ரெண்டாவது கட்டத்துல. முன்னாடி பண்ண ஸ்டடியில தூசியால பெருசா பாதிப்பு இல்லைனு வந்திருக்கு. அதனால முதல்ல கிச்சன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆக, தறி தேறிவிட்டது. அடுப்பு கூண்டில் நிற்கிறது. அடுப்பு யாருடையது என்று உனக்குத் தெரியும். தறி யாருடைய நூலில் ஓடுகிறது என்றும் தெரியும். இரண்டில் எதைக் குறை சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்?

யாரோ உன்னை அடுப்புப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நூல் வியாபாரிகளைச் சந்தேகப்பட்டேன். உங்களுக்குப் பணம் தருகிறவர்களைச் சந்தேகப்பட்டேன். நீ தெரிந்தே சம்மதித்தாயோ என்றுகூட, ஒரு நிமிடம். ஆனால் உன்னைத் திருப்பிவிட்டவர் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நந்தினி, அடுத்த வாரம் உன் அப்பாவுக்கு மூச்சுப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சேகர் சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன் எதுக்கு மெனக்கெடணும்? நானே ஊதிருதேன், போன தடவ மாதிரி."

"போன தடவ மாதிரின்னா?"

"அண்ணனுக்கு நான்தான மதினி ஊதுனேன். எதுத்த வீட்டுக்காரருக்கும் ஊதுனேன். மாரியம்மக்கா மகனுக்கும். உதடே வீங்கிப்போச்சு. அந்த சாரு வேற வெரி குட், வெரி குட்டுங்காரு."

பெருமையாகச் சொன்னார். உன் குழுவுக்குத் தெரியாது, அவர் தறிக்காரர் அல்ல. கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற மூச்சு. அவர் மட்டும் இல்லை. விசாரிக்க விசாரிக்க வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வீடு, நன்றாக ஊதக்கூடிய ஆளைத் தேடி அனுப்பியிருக்கிறார்கள். தளவாய்புரத்தில் இருந்து புதிதாகக் கட்டி வந்த மருமகள் மாமியாருக்காக ஊதியிருக்கிறாள். ஆள் மாறியதை அந்தக் குழு கவனிக்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், சொன்ன பெயரை எழுதிக்கொண்டார்கள். இங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். முன்பு மில்லுக்கு ஆள் எடுக்கும்போது ஊதச் சொல்வார்கள். ஊத முடியாதவனைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் இந்தத் தெருவில் குழாய் என்றால் தேர்வு. தேர்வு என்றால் தேற வேண்டும். இது தேர்வு இல்லை, தோற்றவர்களைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்று வந்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்டேன். தறி ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும். கத்தினால் சண்டை மாதிரி இருக்கும். சண்டையாகத்தான் இருந்தது.

"போன தடவ நீங்க ஊதலையா?"

"யாரு ஊதுனா என்னட்டி? காத்துதான?"

"உங்க காத்த அளக்கத்தான வந்தாவ?"

"சேகரு காத்து நல்ல காத்து. நம்ம குடும்பக் காத்துதான அது."

"அப்ப ஆஸ்பத்திரிக்கும் அவரையே அனுப்பிருவோம். ஊசியையும் அவருக்கே போடட்டும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அறுந்த இழையை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "வியாபாரி காதுக்குப் போச்சுன்னா நூலு வராது. அது ஒரு பக்கம். அந்தத் தாள நம்ம பய பாப்பான்லா. அவன் பாக்க நான் எப்படி ஊதட்டும்?"

உன் படிப்பு அந்தத் தறியில் இருந்து வந்தது. அது அவர் நெஞ்சில் என்ன செய்தது என்று நீ ஒரு நாள் வாசித்துவிடுவாய் என்பதுதான் அவருடைய பயம். அதைக் கேட்டபோது என் கோபம் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை. நான் சொன்னேன்: "சரி, ஊதாதிய. ஆனா அடுப்புதான் காரணம்னு எழுதப்போறாவ. அப்ப உங்க இருமலுக்கு நான்தான் பொறுப்பு. நானே இருந்துட்டுப் போறேன்." அவர் அடுத்த இழையைத் தேடிக் குனிந்தார். தறிதான் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் கல்லூரி விட்டதும் உன் அலுவலகத்துக்குப் போனேன். நீ சென்னையில் இருந்தாய், தெரியும். யாரிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கீழே பால்கோவா கிண்டுகிற இடத்தில் நின்றேன். முந்திரித்தோடு எரியும் காட்டமான புகை. கிண்டுகிறவரின் சட்டையில், அவர் இழுக்கும் புகையை அளக்க நீங்கள் மாட்டிவிட்ட சின்னப் பெட்டி இல்லை. அது தூரத்தில், ஜன்னல் பக்கம், ஆணியில் தொங்கியது. நல்ல காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "ஏன் கழட்டிட்டிய?" என்றேன். "நம்ம புள்ளைய குடுத்த மிஷினு டீச்சர். வெல சாஸ்தியாம். வேர்வையும் புகையும் பட்டுக் கெட்டுப்போச்சுன்னா பாவம், அதுகதான ஏச்சு வாங்கும்" என்றார். அவரிடம் அதை எடுத்து மாட்டச் சொன்னேன். மாட்டிக்கொண்டார், மரியாதைக்கு. மாடிப்படியில் பாதி ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியது என் மூச்சு அல்ல. உன் அப்பாவுடையது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தனித்தனியாக இருந்தவரை ஒரு பொய் ஒரே ஒரு பொய்யாகத்தான் இருந்தது. ஒரு குழுவின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் சேர்த்தீர்கள். இப்போது அது என் அடுப்புக்கும் தண்ணீருக்கும் மாட்டுக்கும் அடிக்கல் ஆகிவிட்டது. தூசியைச் சேர்த்தீர்கள், புகையைச் சேர்த்தீர்கள், கூலியைச் சேர்த்தீர்கள். பயத்தைச் சேர்க்கவில்லை. வெட்கத்தைச் சேர்க்கவில்லை. உங்கள் பெட்டியைக் காப்பாற்ற நினைக்கிற அந்த மனிதரின் நல்ல குணத்தைச் சேர்க்கவில்லை. உங்கள் எண்களைக் கெடுப்பவை இவைதான்.

பரிசோதனை நாளில் சேகர் சித்தப்பா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கச்சேரிக்குத் தயாராக. நந்தினி கருவியை வெளியே எடுத்து வைத்தாள். உன் அப்பா கை கழுவிவிட்டுத் தறிக்கூடத்தில் இருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஊதுதேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அது எனக்குத்தான். தறிச் சத்தத்தில் கருவி எழுப்பும் ஒலி கேட்கவில்லை, கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று நந்தினி கேட்டாள். நிறுத்தினார்.

கரண்டு போனால் தெரு முழுக்க ஒன்றாக நிற்கும். ஒரு வீட்டுத் தறி மட்டும் வேலை நேரத்தில் நின்றால் அந்த வீட்டில் சாவு. இது நந்தினிக்குத் தெரியாது. எங்களுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. முதலில் ஓடி வந்தது மாரியம்மாள். "ஆத்தாடி, யாருக்கு என்ன?" அவளுக்குப் பின்னால் தெருவே. மூக்கில் கிளிப்பும் வாயில் குழாயுமாக உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்ததும் யாரோ வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்கள்: "உசுரோடதான் இருக்காவ!"

"தனியாத்தான் செய்யணும் ஆன்ட்டி, இது ரகசியம்" என்று நந்தினி தவித்தாள். "நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம் பாப்பா, நீ பாரு" என்றது ஜன்னலில் நின்ற கூட்டம். நான் வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா கையைக் காட்டித் தடுத்தார். இருக்கட்டும்.

நன்றாக இழுங்கள், இப்போது ஊதுங்கள், இன்னும், இன்னும், இன்னும் என்று நந்தினி சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் முறை இருமல்தான் வந்தது. மறுபடியும் அப்படியே. "அண்ணே, நான் வேணா..." என்று சேகர் சித்தப்பா முன்னால் வந்தார். "ஏலே, தள்ளி நில்லு. ஒன் காத்த நீயே வச்சுக்கோ." பிறகு ஊதினார். கழுத்து நரம்பு தெறிக்க, கண் சிவக்க ஊதினார். வந்தது கொஞ்சம்தான். நந்தினி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றாள்.

"பாஸா, பெயிலா பாப்பா?" மாரியம்மாள்தான் கேட்டாள்.

உன் அப்பா கிளிப்பைக் கழற்றினார். "பெயிலுதான். எனக்கே தெரியுது. ஊதுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

மாரியம்மாள் மெதுவாகச் சேகர் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "ஏலே சேகரு. அப்ப எம் மகனுக்கு நீ ஊதுனது?" அவள்தான் கூட்டிக்கொண்டு வந்து ஊதச் சொன்னவள். ஆனாலும் இத்தனை காலமும் அது தன் மகனின் மூச்சு என்றே நம்பியிருக்கிறாள். உன் அப்பாவைப் போலவே. சேகர் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான் அவன இப்பவே கூட்டியாறேன்" என்று மாரியம்மாள் கிளம்பினாள். பின்னால் இருந்து ஒரு குரல்: "பேசாம இரிக்கா. வியாபாரிக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒன் வீட்டுக்கும் நூலு வராது." அவள் வாசலில் நின்றுவிட்டாள். வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

இனி உன் பங்கு. அந்தப் பழைய முடிவை நம்பி எதையும் செய்யாதே. இந்தத் தெருவை மறுபடி ஊதச் சொல்வதற்கு முன்னால் அந்த வாசலில் நிற்கிறவளுக்கு ஒரு பதில் கொண்டுவா. பெயர் இருக்காது, எண்தான் இருக்கும் என்று சொல்லாதே. ஒரு வீட்டின் தறி நின்றாலே தெரு கூடுகிற ஊரில் உன் எண் எத்தனை நாள் எண்ணாக இருக்கும்? முடிவு எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், பார்த்த பிறகு நூல் நின்றுபோனால் யார் வந்து பேசுவார்கள் என்று தெருவில் நின்று, நம் பேச்சில் சொல். சொந்தக் குடும்பத்தை நீ பரிசோதிக்கக் கூடாது என்று உங்களுக்கு விதி இருக்கிறதாம், நந்தினி சொன்னாள். நல்ல விதி. ஆனால் உன் அப்பா ஒன்று சொல்லச் சொன்னார்: "அவன நேர்ல வரச் சொல்லு. அந்தப் புள்ள சொல்லி நான் கேக்கணுமா? அவன் வாயால சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்."

இதைச் சொல்லும்போது அவர் எழுந்துவிட்டிருந்தார். நந்தினி கருவியைப் பைக்குள் வைத்து முடிப்பதற்குள் தறி ஓடத் தொடங்கிவிட்டது. தறியில் ஏற்றிய பாவு நூல் பாதியில் நின்றால் துணி கெட்டுவிடும், முடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். கூட்டம் கலைந்தது. தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதர், தெரிந்துகொண்ட கையோடு அதே தூசிக்குள் போய் நிற்கிறார். இப்போதும் நிற்கிறார். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுகிறேன். இதை நீ எதோடு சேர்த்துப் பார்ப்பாய்? உன்னிடம் பதில் இருந்தால் ஊர்க்குழுவில் என் பெயரை எழுதிக்கொள். இல்லாவிட்டாலும் எழுதிக்கொள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து இதையே கேட்பேன்.